வாரானாம்ல!

2025 ஜூலை கடைசி வாரம். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஆடிக் காற்று மைதானத்துப் புழுதியை வாரி வந்து டீ கிளாஸில் கலந்துகொண்டிருந்த சாயங்காலம். ஆடி முடித்து, பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டு வந்த பையன்களில் ஒருவன் செல்போனைப் பார்த்துக் கத்தினான்.

"எலேய், சாவி வாரானாம்ல!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி திரும்பினார். "எந்தச் சாவிலே? நானே காலைலருந்து கல்லாப்பெட்டிச் சாவியத்தான் தேடிட்டு இருக்கேன்."

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வயசுக்காரர்களுக்கு சாவி என்றால் 'வாஷிங்டனில் திருமணம்' எழுதிய சாவி. பையன்கள் சொன்னது சாவி ஹெர்னாண்டஸை. 2010-ல் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் அணிக்கு நடுக்களத்தில் மூளையாக இருந்தவர். பிறகு பார்சிலோனாவின் பயிற்சியாளராகி 2023-ல் லா லிகா பட்டமும் வாங்கிக் கொடுத்தவர். அவர் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வர மனுப் போட்டிருக்கிறாராம். உலகத் தரவரிசையில் அப்போது 133-வது இடத்தில் கிடந்த அணிக்கு!

நான் நம்பினேனா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு டீயைக் குடித்து முடிக்கிற நேரம் நம்பினேன். அவ்வளவு நேரமும் சாவி கட்டம்போட்ட லுங்கியோடு கொல்கத்தாவில் எங்கோ பலகை முன்னால் நின்று நம் பையன்களுக்குப் பாஸ் போடச் சொல்லிக்கொடுப்பதாக மனசில் ஒரு படம் ஓடியது. லுங்கி ஏன் வந்தது என்று தெரியவில்லை.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. வினைச்சொல்லின் வாலில் ஓர் 'ஆம்' ஒட்டினால் போதும். 'வந்தான்' என்றால் நான் கண்ணால் பார்த்தேன். 'வந்தானாம்' என்றால் எவனோ சொன்னான், என் சட்டையைப் பிடிக்காதே. ஒரே அசையில் பொறுப்பைக் கை கழுவிவிடலாம். திருநெல்வேலியில் நாங்கள் அதற்கு மேலும் ஒரு 'ல' சேர்ப்போம். 'வாரானாம்ல' என்னும்போது அந்த 'ல' கேட்கிறவனையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும். 'உனக்கும் தெரியும்லா, நீயும் கூட்டு' என்று ஒரு பாவனை. முப்பது வருஷமாகக் கால்பந்து பார்க்கிறேன். அதில் ஆட்டம் பார்த்த நேரம் பாதி, இந்த 'ஆம்'-மைத் துரத்திய நேரம் பாதி.

பத்திரிகைக்கு இந்த 'ஆம்' ஆகாது. அங்கே அதற்கு வேட்டி சட்டை உடுத்தி அனுப்புவார்கள். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'பேச்சுவார்த்தை இறுதிக் கட்டத்தில் இருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.' கூறியது யார் என்று தேடினால் வாக்கியத்தில் எழுவாயே இருக்காது. அதையும் மன்னித்துவிடலாம். கடைசி வரியிலாவது 'கூறப்படுகிறது' இருக்கிறதே. தலைப்புக்கு வரும்போதுதான் இடம் போதாமல் அதுவும் உதிர்ந்துவிடும். உள்ளே 'பேசிவருவதாகத் தெரிகிறது', மேலே கொட்டை எழுத்தில் 'இந்தியா வருகிறார் சாவி!' டீக்கடையில் பேப்பரை யார் உள்ளே வரை படிக்கிறார்கள்?

பாலாற்றங்கரை மின்னஞ்சல்

சாவி கதை எப்படி முடிந்தது என்பது நாட்டுக்கே தெரியும். ஓர் ஆங்கில நாளிதழில் செய்தி வந்தது. விண்ணப்பித்தவர்கள் பட்டியலில் சாவியின் பெயர் இருந்தது உண்மைதான், மின்னஞ்சல் வந்தது என்று தேசிய அணிகளின் இயக்குநர் சுப்ரதா பாலே சொன்னதாகப் போட்டிருந்தார்கள். சம்பளம் கட்டுப்படியாகாது என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை விட்டுவிட்டதாம். சாவியை வேண்டாம் என்று சொன்ன இந்தியா! ஸ்பெயின் பத்திரிகைகள் வரை போய்ச் சிரிப்பாகச் சிரித்தது. ஜூலை 26-ம் தேதி கூட்டமைப்பு அறிக்கை விட்டது: சாவி, பெப் கார்டியோலா இருவர் பெயரிலும் விண்ணப்பம் வந்தது, இரண்டும் அசலானவை அல்ல என்று தெரியவந்திருக்கிறது. வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர் விளையாட்டாக அனுப்பியது என்று அடுத்து செய்தி வந்தது.

கூட்டமைப்பை எல்லாரும் கேலி செய்தார்கள். எனக்கு அந்த மாணவர் மேல்தான் கவனம் போனது. பாலாற்றங்கரையிலிருந்து கிளம்பிய ஒரு 'ஆம்', தில்லியில் முத்திரை வாங்கி, மாட்ரிட் வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, தப்புத்தான்.

ஆகஸ்ட் 1-ம் தேதி காலித் ஜமீலைப் பயிற்சியாளராக நியமித்தார்கள். அவர் பெயரும் அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் வருகிறார் என்று டீக்கடையில் யாரும் கத்தவில்லை. நடக்கக்கூடிய செய்திக்கு ருசி கம்மி.

இந்த விளையாட்டில் வேலூர் மாணவர் முதல் ஆள் இல்லை. 2009 ஜனவரியில் லண்டன் 'தி டைம்ஸ்' எதிர்கால நட்சத்திரங்கள் 50 பேரின் பட்டியல் வெளியிட்டது. அதில் 30-வது இடத்தில் மசால் புக்டூவ். மால்டோவா நாட்டுப் பையன், வயது 16, ஆர்சனல் கண் வைத்திருக்கிறதாம். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை. இணையத்தில் யாரோ திட்டம் போட்டு, ஏஜென்சிச் செய்தி மாதிரியே எழுதிப் பரப்பியது. அயர்லாந்து மொழியில் 'என் சின்னக் கறுப்புக் கழுதை' என்று ஒரு பழைய சிறுகதை இருக்கிறது. அதன் தலைப்பை வேகமாகச் சொன்னால் மசால் புக்டூவ் மாதிரிதான் கேட்கும். சோம்பேறிக் கழுதையை நல்ல விலைக்கு ஒருவன் தலையில் கட்டுகிற கதை அது. தலைமுறை தலைமுறையாக மாட்டுச் சந்தை பார்த்த ஊர்க்காரனுக்கு இந்த நகைச்சுவையை விளக்க வேண்டியதில்லை.

மொட்டை மாடியில் விடியல் மூன்றரை

எங்கள் ஊரில் டிரான்ஸ்பர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வாத்தியார்களும் போலீஸ்காரர்களும்தான். மே மாதம் ஆனால் வீட்டுக்கு வீடு அந்தப் பேச்சு. 'அம்பாசமுத்திரத்துக்குப் போட்ருக்காவளாம்', 'சங்கரன்கோவில்லருந்து கவுன்சிலிங்ல வாராராம்.' கால்பந்து டிரான்ஸ்பரும் அதே கோடையில்தான் சூடு பிடிக்கும். ஐரோப்பாவில் மே மாதத்தோடு லீக் முடிந்துவிடும். ஆகஸ்ட் வரை ஆட்டம் கிடையாது. ஆட்டம் இல்லை என்பதற்காக மாட்ரிட்டில் 'மார்க்கா'வும் 'ஆஸ்'-ஸும், பார்சிலோனாவில் 'ஸ்போர்ட்'டும் 'முண்டோ டெபோர்ட்டிவோ'வும் கடையைச் சாத்திவிட முடியுமா? தினமும் முதல் பக்கத்துக்கு ஒரு முகம் வேண்டும். வீரரின் ஏஜென்ட்டுக்கோ தன் ஆளுக்குச் சம்பளம் கூட்ட வேண்டும். 'இன்னொரு கிளப் கேட்கிறது' என்று ஒரு நிருபர் காதில் போட்டால் பழைய கிளப் தானாகப் பேனாவை எடுக்கும். கிளப்புகளும் லேசுப்பட்டவை அல்ல. ரசிகன் கொந்தளிப்பானா என்று ஆழம் பார்க்க முதலில் ஒரு வதந்தியைத்தான் ஆற்றில் இறக்கும்.

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் இதெல்லாம் எட்டவே எட்டாது. பாளையங்கோட்டை நூலகத்தில் 'ஸ்போர்ட்ஸ்டார்' பழைய இதழ்கள் கிடைக்கும், நடுப்பக்கப் படத்தை எவனாவது கிழித்திருப்பான். ஒருவர் கிளப் மாறியதை, அவர் புதுக் கிளப்புக்குப் பத்து கோல் போட்ட பிறகுதான் படிப்போம். வதந்தி கடல் தாண்டி வருவதற்குள் செத்துப் போயிருக்கும். எங்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் உண்மை மட்டும். இப்போது நினைத்தால் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஐரோப்பிய ஆட்டங்கள் நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி முடிகின்றன. அதற்குள் நெல்லைப் பதிப்பு அச்சேறிவிடும். செவ்வாய் ராத்திரி ஆட்டத்தின் முடிவு வியாழக்கிழமைப் பேப்பரில்தான் வரும், செல்போனில் பார்த்துச் சலித்த பிறகு. வதந்திக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அது எந்தக் கிழமை அச்சேறினாலும் புதுசாகவே இருக்கும். 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957-ல் மலை தாண்டி இந்த ஊருக்கு வந்தது. பேப்பர் வாசிப்பு எங்களுக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. ஆனாலும் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் சாப்பிட்டு மிச்சம் வைத்த கால் பத்திதான் கால்பந்துக்கு. அந்தக் கால் பத்தியில் ஆட்டத்தை விவரிக்க முடியாது. 'ரியல் மாட்ரிட்டுக்குத் தாவுகிறாரா?' என்று ஒரு கேள்விக்குறியைத் தாராளமாக நிறுத்தலாம்.

கேள்விக்குறியை நம்பி நான் கெட்ட ராத்திரி ஒன்று உண்டு. நான் மான்செஸ்டர் யுனைடெட் பக்கம். 2015 ஆகஸ்ட் 31. எங்கள் கோல்கீப்பர் டாவிட் டி கேயா ரியல் மாட்ரிட்டுக்குப் போகிறார் என்று கோடை முழுக்கப் பேச்சு. ஸ்பெயினில் நள்ளிரவு 12 மணிக்குக் கதவு சாத்துகிறார்கள். நமக்கு அது விடியல் மூன்றரை. வீட்டுக்குள் சிக்னல் வராது என்று மொட்டை மாடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தேன். போகிறார், போய்விட்டார், பேப்பர் போகவில்லை, பேப்பர் பிந்திப் போனது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு 'ஆம்'. கடைசியில் காகிதங்கள் உரிய நேரத்தில் சேரவில்லை, மாற்றம் ரத்து. கீழே இறங்கி வந்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்: "தட்டு மாத்த வந்துட்டு, தாம்பூலத்த மறந்துட்டு வந்துட்டாவளாக்கும்?"

இத்தனை வருஷத்தில் கால்பந்துச் சந்தையைப் பற்றி இதைவிடச் சரியான விளக்கம் எந்த நிபுணரிடமும் நான் கேட்டதில்லை. தரகர் உண்டு, கமிஷன் உண்டு, மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் ஜாதகப் பொருத்தம் உண்டு. பேசி முடித்த பிறகு சீர் விஷயத்தில் இழுபறி உண்டு. ஊரார் வாய் உண்டு.

அந்த ராத்திரியைப் பற்றி உலகம் முழுக்க ஒரு கதை நிலைத்துவிட்டது, ஃபேக்ஸ் மெஷின் கெட்டுப்போனதால்தான் எல்லாம் போச்சு என்று. மறுநாள் இரண்டு கிளப்பும் மாறி மாறி அறிக்கை விட்டன. ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்ட அந்தச் சண்டை எல்லாம் ஃபிஃபாவின் கணினிப் பதிவு முறையில் எது எத்தனை மணிக்கு ஏறியது என்பதைப் பற்றித்தான். ஆனால் ஃபேக்ஸ் மெஷின்தான் ஜெயித்தது. ஒரு வதந்தி பொய்த்துப்போன காரணத்தை இன்னொரு வதந்தி சொன்னது, அதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது 'ஹியர் வீ கோ' என்று ஃபாப்ரிசியோ ரொமானோ எழுதிவிட்டால் தாலி கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். இத்தாலிக்காரர், 1993-ல் பிறந்தவர். எங்கள் தெருப் பையன்களுக்கு இந்திய அணியின் கேப்டன் பெயரைவிட அவர் பெயர்தான் சட்டென்று வாயில் வரும். நிருபரே நட்சத்திரமாகிவிட்ட வேறு துறை எனக்குத் தெரியவில்லை. வாத்தியார்கள் கவுன்சிலிங்குக்கு இப்படி ஒருவர் இருந்தால் கொடிகட்டிப் பறப்பார்.

நம்மூர்ச் சந்தை

ஐரோப்பா கிடக்கட்டும். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்குவதற்கு முன்னால், சென்னை அணிக்காக ரொனால்டினோவோடு பேசுகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. ரொனால்டினோ! மெரினாவில் சுண்டல் வாங்குவார் என்கிற அளவுக்குப் பேசினோம். சந்திப்பில் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிகாலை எழும்பூர், சாயங்காலம் நேரு ஸ்டேடியம் என்று பயணத் திட்டமே தயார். அவர் அந்த செப்டம்பரில் மெக்சிகோவின் கெரெட்டாரோ கிளப்புக்குப் போய்விட்டார். எங்கள் ஊர் இனிப்பின் பெயரால் தமிழ்நாடே ஏமாற்றத்தைக் குறிக்கிறது. அன்றைக்கு அதை எங்களுக்கே கொடுத்தார்கள். சென்னையின் எஃப்.சி.-க்கு வந்தவர் இன்னொரு பிரேசில்காரர், எலானோ. வரும் முன் அவர் பெயரை யாரும் கூவவில்லை. அந்த சீசனில் 8 கோல் போட்டு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை அவர்தான் வாங்கினார்.

சென்னையின் ரசிகனுக்கு வலித்தது வேறு மாதிரி. 2019-20 சீசனில் லிதுவேனியாக்காரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். நடுவில் பயிற்சியாளராக வந்த ஓவன் காயில், கடைசி இடங்களில் தடுமாறிய அணியை இறுதிப் போட்டி வரை இழுத்துச் சென்றார். சீசன் முடிந்ததும் காயில் ஜாம்ஷெட்பூர் போகிறாராம் என்றார்கள். போனார். வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போகிறாராம் என்றார்கள். அதுவும் நடந்தது. கெட்ட வதந்தி பலிப்பதில் இருக்கும் ஒழுங்கு நல்ல வதந்தியிடம் கிடையாது. பிற்பாடு வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் திரும்பி வந்தார், காயில் 2023-ல் வந்தார். கோபித்துக்கொண்டு போன மருமகன் திரும்பி வந்தால் எப்படி வரவேற்போமோ, அப்படி வரவேற்றோம். ஏழு வருஷம் இங்கே ஆடி கேப்டனாகவும் ஆன அனிருத் தாப்பா 2023-ல் மோகன் பகானுக்குப் போனபோது எந்த 'ஆம்'-மும் எங்களைத் தயார்படுத்தப் போதவில்லை.

எங்களுக்குக் கொஞ்சம் பக்கத்து ஆள் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பையன், இரவிபுத்தன்துறை. சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், 2019-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே.-வுக்கு மாறினார். மாற்றத் தொகை 90 லட்சம் ரூபாய் என்று செய்திகளில் வந்தது. 'நம்ம கடக்கரப் பயலுக்கு 90 லட்சமாம்லா' என்று பேருந்து நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். கிளப்புகள் தொகையைச் சொல்லவில்லை. இந்தியக் கால்பந்தில் இது வழக்கம். ஆள் மாறியது அறிக்கையில் வரும், எவ்வளவுக்கு என்பது வட்டாரத் தகவலில்தான் வரும். ஐரோப்பாவில் வதந்தி கோடையோடு முடிந்துவிடும். இங்கே கையெழுத்துப் போட்டு வருஷக்கணக்கான பின்னாலும் பாதி விஷயம் 'ஆம்'-மிலேயே நிற்கும்.

வதந்தி என்று சிரித்துவிட்டுப் போனது வழக்காக வந்து நின்ற கதையும் உண்டு. 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி ஐ-லீக் பட்டம் வென்றதே, அந்த அணியின் நடுக்களத்தில் பந்தை வைத்துக் கோலம் போட்டவர் ஸ்பானியர் நெஸ்தர் கோர்டியோ. கோப்பை கைக்கு வருவதற்கு முன்பே அவர் புனே அணியோடு பேசி முடித்துவிட்டாராம் என்று சலசலப்பு. சென்னை சிட்டியோடு ஒப்பந்தம் இருக்கும்போதே இன்னொரு கிளப்பில் கையெழுத்துப் போட்டது உண்மைதான் என்று கூட்டமைப்பின் குழு முடிவு செய்து அவருக்கு நான்கு மாதத் தடை போட்டது. அந்தப் புனே கிளப்பே பிறகு இல்லாமல் போனது, அதன் இடத்தில் ஹைதராபாத் வந்தது, நெஸ்தர் அங்கே ஆடினார். மாப்பிள்ளை வீடு மாறிப்போன கல்யாணம்.

2024-ல் இதைவிடப் பெரியது. அன்வர் அலி மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறிய விவகாரம். செப்டம்பர் 10-ம் தேதி அவருக்கு நான்கு மாதத் தடை. மோகன் பகானுக்கு இழப்பீடாக 12.9 கோடி ரூபாய். ஈஸ்ட் பெங்காலும் டெல்லி எஃப்.சி.யும் இரண்டு டிரான்ஸ்பர் சாளரங்களுக்கு ஆள் சேர்க்கக் கூடாது. சில நாளில் விஷயம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை விலகியது. கொல்கத்தாக்காரர்களுக்கு இது புதிதில்லை. வீரர்கள் சூட்டர்கின் தெருவில் உள்ள, கொல்கத்தாக் கால்பந்தை நடத்தும் ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்ட காலத்தில், எதிர்க் கிளப் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க நட்சத்திரங்களை ஹோட்டலிலும் தெரிந்தவர் வீட்டிலும் ஒளித்து வைத்தே காவல் காத்தார்கள். பின்னாலேயே நிருபர்கள். நம் ஊரில் இதே காட்சியைச் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு வரும்போது பார்த்திருக்கிறோம்.

அதனால்தான் சொல்கிறேன், தமிழ் வாசகனுக்கு டிரான்ஸ்பர் செய்தியைப் படிக்கத் தனிப் பயிற்சி தேவையில்லை. தேர்தல் வருஷம் தோறும் கூட்டணிச் செய்தி படித்தே தேறியிருக்கிறான். 'மரியாதை நிமித்தமான சந்திப்பு' என்றால் என்ன, 'எங்களுக்குள் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை' என்றால் என்ன என்று அவனுக்கு அத்துப்படி. ஒரு கிளப் 'இவர் விற்பனைக்கு இல்லை' என்று அறிக்கை விட்டால் பெட்டி கட்டியாயிற்று என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லுவார். அவர் கால்பந்து பார்த்ததே கிடையாது.

கிரிக்கெட்டிலும் அந்த ருசி இப்போது வந்துவிட்டது. 2025 ஆகஸ்டிலிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறாராம் என்று ஓடியது. 2012 முதல் சென்னையோடு ஒட்டியிருந்த ஜடேஜாவைக் கொடுத்துவிட்டா என்று பாதிப் பேர் நம்பவே இல்லை. நவம்பர் 15-ம் தேதி அறிவிப்பு வந்தது, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சாம்சன் இங்கே. அன்றைக்குக் கிரிக்கெட் நண்பர்கள் அரண்டுபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எங்களுக்கு இது வருஷம் இரண்டு தடவை ஐயா.

மொட்டும் பூவும்

சங்கப் பாட்டுக்காரர்கள் இதற்கு இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். தலைவனும் தலைவியும் ரகசியமாகச் சந்திப்பது ஊருக்குள் அரசல் புரசலாகக் கசியும்போது அம்பல். மொட்டு மாதிரி, வாய்க்குள்ளேயே முணுமுணுப்பு. ஊரே வெளிப்படையாகப் பேசும்போது அலர், மலர்ந்துவிட்டது. திருக்குறளில் அலருக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 115-வது. அங்கே ஊர்ப்பேச்சைக் கேட்டுக் காதலர்கள் வருந்துவதைவிட உள்ளுக்குள் மகிழ்வதுதான் அதிகம். பேச்சு இருக்கும் வரை காதல் உயிரோடு இருக்கிறதாம்.

2025 ஜூலையில் எனக்கு அந்த அதிகாரம் நினைவுக்கு வந்தது. சாவி கூத்துக்கு இரண்டு வாரம் முன்னால், ஜூலை 11-ம் தேதி, ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கிளப்புகளுக்குத் தகவல் போனது. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் கூட்டமைப்புக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் டிசம்பர் 8-ல் முடியவிருந்தது, புதுப்பிக்கவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெங்களூரு அணி வீரர்கள் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் கிளப்பும் செயல்பாடுகளை நிறுத்தியது. வழக்கமாக எந்த ஸ்ட்ரைக்கர் வருகிறாராம், எந்த டிஃபெண்டர் போகிறாராம் என்று கசகசவென்றிருக்கும் மாதம். ஒரு பேச்சு இல்லை. வேலூரிலிருந்து கிளம்பிய பொய் ஒன்றைத் தவிர அந்தக் கோடையில் எங்களுக்கு வேறு வதந்தியே கிடைக்கவில்லை. ஒருவேளை அதனால்தான் ஒரு டீ நேரம் முழுக்க அதை நம்பினேனோ என்னவோ.

மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் வேறு ஜுரம். மெஸ்ஸியின் அர்ஜென்டினா கேரளத்தில் ஆடப்போகிறது என்று அந்த மாநில விளையாட்டு அமைச்சரே 2024 நவம்பரில் அறிவித்திருந்தார். 'பாலருவி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலைல எர்ணாகுளம்' என்று தென்காசியிலிருந்து இங்கே வரை ஆள் சேர்ந்தது. தேதி சொன்னார்கள், எதிரணிகூடச் சொன்னார்கள். 2025 அக்டோபரில் எல்லாம் கலைந்தது. டிசம்பர் 13-ல் மெஸ்ஸி கொல்கத்தாவுக்கு வந்தார். ஆடவில்லை, கொஞ்ச நேரம் நடந்தார். முக்கியஸ்தர்கள் சூழ்ந்துகொண்டதில் காசு கொடுத்தவர்கள் அவரைப் பார்க்க முடியவில்லை, நாற்காலிகள் பறந்தன. உண்மையாகவே வந்ததைவிட வருவாராம் என்றிருந்த மாதங்களில் அவர் எங்களுக்கு நன்றாக ஆடினார்.

காயல்பட்டினத்து மே மாதம்

தாமிரபரணி கடலில் சேர்வது புன்னைக்காயலில். அதற்குக் கொஞ்சம் தெற்கே காயல்பட்டினம். அங்கே ஐக்கிய விளையாட்டுச் சங்கம் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் மவுலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை அகில இந்தியப் போட்டிதான் எங்கள் பள்ளத்தாக்குக்கு உலகக் கோப்பை. கோடையில் கேரளம், பெங்களூரு, சென்னை என்று அணிகள் வரும். சாயங்கால ஆட்டம், கடல்காற்று, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த காயல்காரர்கள், ஐஸ் வண்டி. அந்த மைதானத்தில் எனக்கு ஒரு வருஷம்கூடத் தவறக் கூடாது.

அங்கேயும் வதந்திதான் முதலில் வரும். அணிகளின் பட்டியல் அச்சாவதற்கு முன்னாலேயே, இந்த அணி மலப்புரத்து செவன்ஸ் ஆட்டக்காரனைக் கூட்டி வருகிறதாம், அந்த அணியில் ஆப்பிரிக்காக்காரன் ஒருவன் இறங்குகிறானாம் என்று ஓடும். ஏஜென்ட் கிடையாது, பேப்பர் கிடையாது. ஆத்தூர் பாலம் தாண்டி பஸ்ஸில் ஏறுகிறவன்தான் நிருபர்.

ஒரு வருஷம் அப்படித்தான். கேரள அணி ஒன்றில் புகழ்பெற்ற ஃபார்வர்டு வருகிறான் என்று பாளையங்கோட்டை வரை பேச்சு. நாங்கள் நாலு பேர் பைக்கில் போனோம். கேலரியில் நிற்க இடமில்லை. அவன் வரவில்லை. காலில் அடியாம். அவனுடைய 10-ம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு மெலிந்த பையன் ஒருவன் இறங்கினான், சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஆள் மாறியது தெரியாது. வராதவன் பெயரைச் சொல்லியே கத்தினார்கள். இரண்டாம் பாதியில் இடது ஓரத்திலிருந்து இரண்டு பேரைத் தாண்டி வந்து ஒரு கோல் போட்டான் பாருங்கள், கோல்கீப்பர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மைதானமே அந்த வராதவன் பெயரைக் கூவியது. பையன் கையைத் தூக்கி வாங்கிக்கொண்டான்.

ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் ஆத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். பக்கத்தில் நின்றிருந்த ஆள், எங்களுக்குத் தெரியாதவர், தன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அந்த ஒல்லிப்பய இருக்காம்லா, அடுத்த வருசம் கொல்கத்தாக்குப் போறானாம்ல!"

"ஆரு சொன்னா?"

"சொல்லுதாவ."